காய்கறிச் சாறு: குவளைக்குள் மறையும் அளவும் நாள்தோறும் நேரும் தவறுகளும்

அரைக் கிலோ கேரட்டைக் கையில் கொடுத்து ஒரே வேளையில் மென்று தின்னச் சொன்னால், மூன்றாவது கேரட்டிலேயே தாடை வலித்து நிறுத்திவிடுவோம். அதே அரைக் கிலோவைச் சாறு பிழியும் இயந்திரத்தில் போட்டால் ஏறத்தாழ ஒரு பெரிய குவளை சாறு கிடைக்கும். அதைக் குடித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. நாள்தோறும் காய்கறிச் சாறு குடிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்தே கிளைக்கின்றன. மெல்லும்போது இயல்பாக விழும் தடை பிழியும்போது நீங்கிவிடுவதால், எவ்வளவு காய் உள்ளே போனது என்பதைக் கண்ணோ வயிறோ கணக்கிடுவதற்கு முன்பே எல்லாம் விழுங்கப்பட்டுவிடுகிறது. சாறு கெட்டது என்பது என் கருத்தன்று, நானும் குடிப்பவன்தான். ஆனால் குவளையைப் பார்த்து அளவை மதிப்பிடுவதை நிறுத்திவிட்டு, குவளைக்குள் போன காயைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

மிகப் பரவலான தவறு, சாற்றைக் காய்கறிக்கு மாற்றாகக் கருதுவதாகும். மேலே சொன்ன அரைக் கிலோ கேரட்டில் ஏறத்தாழ 14 கிராம் நார்ச்சத்தும் 23 கிராம் சர்க்கரையும் இருக்கின்றன. பிழிந்து வடிகட்டும்போது நாரின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. சர்க்கரையின் பெரும்பகுதி சாற்றோடு வந்துவிடுகிறது. 1977-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், 10 பேருக்கு ஆப்பிளை முழுப் பழமாகவும் கூழாகவும் சாறாகவும் வெவ்வேறு வேளைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு ஒன்றே. ஆயினும் சாற்றைப் பழத்தைவிட 11 மடங்கு விரைவாகக் குடித்து முடித்தார்கள். வயிறு நிறைந்த உணர்வு சாற்றில்தான் மிகக் குறைவாக இருந்தது. சாறு குடித்தபின் இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, இரத்தச் சர்க்கரை பிறகு சரிந்தது. ஆப்பிளில் சர்க்கரை அதிகம் என்பது உண்மைதான் என்றாலும், நாரைப் பிரித்தால் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. பிரிட்டனின் உணவு வழிகாட்டுதலில் பழச்சாறு, காய்கறிச் சாறு, ஸ்மூத்தி ஆகிய எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு 150 மில்லிலிட்டர் என்று வரம்பு வைத்திருப்பதும், எத்தனை குவளை குடித்தாலும் அதை அன்றைய பழம், காய்கறி உணவில் ஒரே ஒரு பங்காக மட்டும் கணக்கில் எடுப்பதும் இதனால்தான்.

வடிகட்டாமல் மிக்சியில் அடித்து, சற்றுக் கெட்டியாகவே குடிப்பது ஓரளவு நல்ல தீர்வு; நார் உடைந்தாலும் குவளையிலேயே தங்கிவிடும். அதையும் ஒரே மூச்சில் கவிழ்க்காமல் மெதுவாகக் குடிக்க வேண்டும். சுவைக்காக இரண்டு ஆப்பிளும் ஒரு கரண்டித் தேனும் சேர்ப்பவர்கள், காய்கறிச் சாறு என்ற பெயரில் வேறு ஏதோ ஒன்றைக் குடிக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. சாற்றின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டின் செல் சுவர்களுக்குள் அடைபட்டிருப்பதால் பச்சையாக மெல்லும்போது அதில் ஒரு சிறு பகுதியே உடலில் சேரும். அரைத்துப் பிழியும்போது சுவர்கள் உடைந்து கூடுதலாகச் சேரும். அது கொழுப்பில் கரையும் பொருள் என்பதால், கொழுப்பே இல்லாத வெறும் வயிற்றில் குடிப்பதைவிட உணவோடு சேர்த்துக் குடிப்பதே பொருத்தமானது. வெறும் வயிற்றில் குடித்தால்தான் பலன் என்ற நம்பிக்கை, குறைந்தது கேரட்டைப் பொறுத்தவரை, தலைகீழானது.

நான் அதிகம் அஞ்சுவது பச்சைச் சாறு என்று சொல்லப்படும் கீரைச் சாற்றைத்தான். பசலைக்கீரையில் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுதி; 100 கிராம் பச்சைக் கீரையில் 600 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக்கூடும். சிறுநீரகக் கற்களில் மிகப் பெரும்பான்மை கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து உருவானவையே. வேகவைத்து நீரை வடித்துவிட்டால் கரையும் ஆக்சலேட் பெருமளவு நீரோடு போய்விடும். மேலும், வெந்த கீரையை ஒருவர் ஒரு வேளைக்கு எவ்வளவு உண்பார் என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. பச்சையாக அரைத்துக் குடிக்கும்போது இந்த இரண்டு தடைகளும் இல்லை. நலனுக்கென்று பச்சைக் கீரைச் சாற்றை நாள்தோறும் குடித்தவர்களுக்குச் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் படிந்து, சிறுநீரகமே செயலிழந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஏற்கெனவே கல் வந்தவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள், உடல் எடைக் குறைப்புக்காகக் குடல் மாற்றுப்பாதை அறுவை செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்கள் ஆகியோருக்கு இடர் கூடுதல். கீரையோடு பீட்ரூட்டையும் பாதாமையும் சேர்த்து அரைக்கும் செய்முறை சத்தானதாகத் தோன்றும். ஆனால் ஆக்சலேட் மிகுந்த மூன்று பொருள்களை ஒரே குவளையில் திரட்டுவதுதான் அங்கே நடக்கிறது. பச்சை நிறம்தான் வேண்டுமென்றால் வெள்ளரி, முட்டைக்கோஸ், லெட்யூஸ் போன்றவற்றை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். கீரையை வேகவைத்து உண்ணலாம்.

ஒரே காயை மாதக்கணக்கில் குடிப்பதன் விளைவு கேரட்டில் கண்ணுக்கே தெரியும். உள்ளங்கையும் பாதமும் மூக்கின் ஓரங்களும் மஞ்சளாக மாறும். மஞ்சள் காமாலை என்று பதறுபவர்கள் கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பார்க்க வேண்டும்: காமாலையில் அதுவும் மஞ்சளாகும், கேரட்டினால் வரும் மஞ்சளில் அது வெண்மையாகவே இருக்கும். இது தீங்கற்றது, அளவைக் குறைத்தால் சில வாரங்களில் மறையும். உடல் பீட்டா கரோட்டினைத் தேவைக்கேற்பவே வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்வதால் சாற்றினால் மட்டும் நச்சு ஏறுவதில்லை. வைட்டமின் ஏ மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 1974-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒருவர் பத்து நாள்களாக நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர் கேரட் சாற்றோடு மிகப் பெரிய அளவில் வைட்டமின் ஏ மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு கல்லீரல் பழுதாகி இறந்தபோது, செய்தித்தாள்கள் கேரட் சாற்றையே தலைப்பில் குற்றவாளியாக்கின.

மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரிடம் சாற்றைப் பற்றிச் சொல்வதே இல்லை. அது உணவுதானே என்ற எண்ணம்தான் காரணம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் கே-யின் அளவு நாளுக்கு நாள் மாறாமல் இருப்பது முக்கியம். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு 90 முதல் 120 மைக்ரோகிராம். 100 கிராம் பச்சைப் பசலைக்கீரையிலோ 480 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கிறது. திடீரென்று கீரைச் சாறு குடிக்கத் தொடங்கினால் மருந்தின் வேலை குன்றும். பழகியபின் திடீரென்று நிறுத்தினால் இரத்தக் கசிவு அச்சம் உண்டு. பொட்டாசியமும் இவ்வாறே. அரைக் கிலோ கேரட்டில் ஏறத்தாழ 1,600 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. நலமான சிறுநீரகம் அதை எளிதில் வெளியேற்றும். சிறுநீரக நோயாளிகளுக்கும், எனலாப்ரில், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கும் அது இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கக்கூடும்.

சுரைக்காய், வெள்ளரி, பூசணி வகைகளைப் பிழிவதற்கு முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்காமல் விடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். இவற்றில் சில காய்கள் குக்கர்பிட்டாசின் என்னும் நச்சினால் கடுமையாகக் கசக்கும். கசந்தால் மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு குடிப்பவர்களுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும், சில வேளைகளில் இரத்த வாந்தியும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் நேர்ந்திருக்கின்றன, இறந்தவர்களும் உண்டு. சமைத்தாலும் இந்த நச்சு அழியாது. எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்தால் கசப்பு மறையுமே தவிர நச்சு மறையாது. பாகற்காயின் கசப்பு வேறு. கசக்கக் கூடாத காய் கசந்தால் அதைக் குப்பையில் போட வேண்டும்.

மொத்தமாகப் பிழிந்து வைத்துக்கொண்டு நான்கு நாள் குடிப்பது வசதிதான். ஆனால் சமைக்காத சாற்றில் கிருமியைக் கொல்லும் கட்டம் எதுவுமே இல்லை. காய்களை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவதும், இயந்திரத்தின் சல்லடையை அன்றன்றே பிரித்துத் துலக்குவதும் அதனால்தான் அவசியமாகின்றன. கேரட் போன்றவற்றின் சாற்றில் புளிப்பு மிகக் குறைவு. மண்ணிலிருந்து வரும், பாட்டுலிசம் என்னும் நரம்பு நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் காற்றுப் புகாத பாட்டிலில், குளிர்ச்சி குறைந்த இடத்தில் வளர அது ஏற்றது. 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் பாட்டிலில் விற்ற கேரட் சாற்றைக் குடித்த சிலர் இவ்வாறு தசைகள் செயலிழந்து முடங்கிப் போனார்கள். உடனே குடிப்பதே சிறந்தது. முடியாவிட்டால் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்து ஒரு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். வெள்ளரியையும் கேரட்டையும் அரைத்தவுடன் அவற்றிலுள்ள ஒரு நொதி வைட்டமின் சி-யைச் சிதைக்கத் தொடங்குகிறது. அரைக்கும்போதே சிறிது எலுமிச்சைச் சாறு விட்டால் அந்த வேகம் குறையும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தச் சாறும் வேண்டாம். வெளியே வைத்த காய்கறிச் சாற்றில், காய்களில் இயல்பாக உள்ள நைட்ரேட் என்னும் உப்பு நைட்ரைட்டாக மாறி, குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடலாம்.

நச்சு நீக்கம் என்ற பெயரில் நாள் கணக்கில் சாற்றை மட்டுமே குடிப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன, சாற்றில் புரதம் மிகக் குறைவு, இறங்கும் எடையில் பெரும்பகுதி நீரே.

பீட்ரூட் சாற்றில் மட்டும், ஏறக்குறைய யாரும் அறியாமல் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. அதன் நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டு எச்சிலில் மீண்டும் சுரக்கிறது. நாக்கின் மேலுள்ள நல்ல கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. விழுங்கியபின் அது நைட்ரிக் ஆக்சைடாகி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. இரத்த அழுத்தம் ஓரளவு குறைவது இந்த வழியில்தான். கிருமிநாசினி மவுத்வாஷால் வாயைக் கொப்பளிப்பவர்கள் அந்தக் கிருமிகளையே அழித்துவிட்டு, பீட்ரூட் பலன் தரவில்லை என்று சொல்வார்கள். மாறாக, இரத்த அழுத்த மாத்திரையோடு இதையும் சேர்ப்பவர்கள் எழும்போது தலை சுற்றுகிறதா என்று கவனித்து, அழுத்தத்தை அளந்துபார்க்க வேண்டும். குடித்தபின் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். முதன்முறை எனக்கும் நெஞ்சு ஒரு கணம் நின்றது. அது பீட்ரூட்டின் நிறம்தான். குடிப்பதை நிறுத்தி இரண்டு நாள் கழிந்தும் சிவப்பு மாறவில்லை என்றால் அது பீட்ரூட் அன்று; உடனே சிறுநீரைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும்.