குடியை நிறுத்துவது மட்டும் போதாது: வன்னியில் போதை மீட்சிப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட இலங்கையின் வன்னியில் ஒருவரைக் குடியிலிருந்து மீட்க வேண்டும் என்று வீட்டார் தீர்மானித்தால், பெரும்பாலும் முதலில் நடப்பது சத்தியம் வாங்குவதுதான். வற்றாப்பளை அம்மன் முன்னிலையிலோ, மடு மாதா சந்நிதியிலோ, பிள்ளையின் தலையில் கைவைத்தோ அந்தச் சத்தியம் வாங்கப்படுகிறது. தன்னைவிடப் பெரிய ஒன்றின் முன் மனிதன் கொடுக்கும் வாக்குக்கு மதிப்பு உண்டு. உளவளத்துணையாளர் அதை ஒருபோதும் கேலியாகப் பார்க்கக்கூடாது. ஆனால் பல ஆண்டுகளாக நாள்தோறும் சாராயமோ, கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்போ குடித்தவரை, சத்தியம் செய்த அன்றே முற்றாக நிறுத்தச் செய்து வீட்டுக்குள் கிடத்தி வைப்பது உயிருக்கு ஆபத்தான தவறு.

நீண்டகாலக் குடிக்குப் பழகிய மூளை, மது இல்லாத நிலையில் கட்டுப்பாடின்றிக் கிளர்ந்தெழுகிறது. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, நித்திரையின்மை ஆகியவை தொடங்கும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் கடும் குழப்பமும் இல்லாதவற்றைக் காண்பதும் தோன்றினால், அது உடனடி வைத்தியம் தேவைப்படும் நிலை. இதைப் பேய் பிடித்ததாகவோ, குடிக்காக நடிப்பதாகவோ எண்ணி அறையில் பூட்டிவைக்கும் வீடுகளில் உயிர் போகலாம். முன்பு நிறுத்த முயன்றபோது வலிப்பு வந்தவர், காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்பவர், சாப்பாடு குறைந்து மெலிந்தவர் ஆகியோர் மாவட்ட வைத்தியசாலையின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அங்கே நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தோடு, மூளையைக் காக்கும் தயமின் என்ற உயிர்ச்சத்தும் கொடுக்கப்படும்.

உடல் தப்பியபின்தான் உளவளத்துணையின் வேலை தொடங்குகிறது. மிகப் பெரிய தவறும் அங்கேதான் நேர்கிறது. குடி அந்த மனிதருக்கு எதைச் செய்து கொடுத்தது என்று கேட்காமலே அதை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறோம். 2009 மே வரையான இறுதிப் போரின் மாதங்களைக் கடந்து வந்தவர்களில் பலருக்குக் குடி கொண்டாட்டமாக இருந்ததில்லை. இரவைக் கடப்பதற்கான வழியாகவே இருந்திருக்கிறது. மது கனவு காணும் உறக்கத்தை அமுக்கி வைக்கிறது. நிறுத்தியதும் அந்த உறக்கம் முன்னிலும் வேகமாகத் திரும்புவதால், பங்கரும் செல்சத்தமும் தவறவிட்ட கையும் சில வாரங்களுக்குக் கனவில் கடுமையாக வரலாம். இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், ‘குடியை விட்டபிறகுதான் எனக்கு வருத்தம் கூடியது’ என்று அவர் முடிவுசெய்வார். அவர் அனுபவத்தில் அது உண்மையும்கூட. ‘முதலில் குடியை விடுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம்’ என்று பிரித்துவைப்பதை நான் ஏற்பதில்லை. நித்திரையும் கனவும் பயமும் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய நித்திரைக் குளிசையை அதற்கு மாற்றாகக் கொடுப்பது இன்னொரு அடிமைத்தனத்துக்கு வழிவிடும். மதுவோடு சேர்ந்தால் அது மூச்சையே நிறுத்தக்கூடும்.

இதற்கு நேரெதிரான தவறு, முதல் சந்திப்பிலேயே முள்ளிவாய்க்காலைச் சொல்லவைப்பது. மனதில் உள்ளதையெல்லாம் கொட்டினால் சுமை இறங்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. ஆனால் பேரிடரை அண்மையில் சந்தித்தவர்களை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் விவரிக்கவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. நினைவைத் திறப்பதற்கு முன் அதை மூடவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூச்சை நிதானமாக்குதல், இருக்கும் இடத்தை உணர்தல், அன்று மாலை யாருடன் இருப்பார் என்ற ஏற்பாடு ஆகியவை முதலில் வர வேண்டும். காணாமலாக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தகப்பனிடம் ‘அவன் இல்லை என்று ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது சிகிச்சை ஆகாது. பிரிவு முடிவாகாத இழப்புக்குச் சாதாரணத் துக்கத்தின் விதிகள் பொருந்துவதில்லை. மகனை எதிர்பார்த்துக்கொண்டே குடிக்காமல் வாழ முடியுமா என்பதுதான் அவரோடு சேர்ந்து தேட வேண்டிய கேள்வி.

வன்னி மக்களின் கூட்டு உளவடு பற்றி எழுதிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், காயம் தனிமனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்பதை வலியுறுத்தியவர். அதனால் ஒருவரை மட்டும் எடுத்துச் சென்று திருத்திக் கொண்டுவரலாம் என்று நினைப்பது போதாது. போருக்குப் பின் முகாம்களின் முட்கம்பிக்குள் நாட்களைக் கழித்தவருக்கு, பூட்டிய வாசலும் பெயர் கூப்பிடும் வரிசையும் கொண்ட ஒரு போதை மீட்சி மையம் எதை நினைவூட்டும் என்று அனுப்பும் முன் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் அதைப் பிடிவாதம் என்று குறிப்பேட்டில் எழுதுவது அநியாயம்.

ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, மனைவி பிள்ளைகள் முன் ஒருவரைத் தலைகுனிய வைப்பதால் குடி நிற்பதில்லை; அது மறைவிடத்துக்குப் போகிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983 இல் முன்வைத்த ஊக்க நேர்காணல் முறை இங்கே மிகவும் உதவும். நாம் விடச்சொல்லி வாதாடும் அளவுக்கு அவர் குடிக்கான நியாயங்களைச் சொல்வார். விட விரும்பும் காரணத்தை அவர் வாயிலிருந்தே வரவிட்டால் அந்தச் சொல் அவரைப் பிடித்துவைக்கும்.

உணவில் தெரியாமல் கலந்து கொடுக்கும் ‘குடிமறதி மருந்து’ எதையும் வாங்காதீர்கள். அதில் மதுவோடு சேர்ந்தால் உடலைத் தாக்கும் டைசல்பிராம் என்ற மருந்து இருந்து, அதை அறியாமல் அவர் குடித்தால், கடும் வாந்தியும் படபடப்பும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்பட்டு உயிர் போகலாம். நம்பிக்கை போவது அதற்கு முன்பே நடந்துவிடும்.

எல்லோரும் எல்லோரையும் அறிந்த குடியேற்றங்களில் இரகசியம் காப்பது தனிக்கலை. கிராம சேவையாளர் அலுவலக விறாந்தையில், நிவாரணப் பதிவுக்கு வந்தவர்கள் கேட்கும் தூரத்தில் வைத்து உளவளத்துணை செய்யக்கூடாது. கணவனிடம் கேட்டதை மனைவியிடமும், மனைவி சொன்னதைக் கணவனிடமும் கொண்டுபோவது அதைவிடக் கொடியது, ஏனெனில் அதற்கான அடி அன்றிரவு அவளுக்கே விழும். வன்முறை நடக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக இருத்திப் பேசவைக்காமல் தனித்தனியே சந்திக்க வேண்டும். பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்தை அவளிடம் வாய்மொழியாகச் சொல்லிவைக்க வேண்டும். ‘பொறுத்துப்போ, திருந்திவிடுவார்’ என்ற அறிவுரையை அவள் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டிருப்பாள்.

திட்டமிடும்போது நாட்காட்டியை மறந்துவிடுகிறோம். காலபோக அறுவடைப் பணம் கைக்கு வரும் வாரம், செத்தவீட்டு இரவு, போரில் இறந்தோரை நினைவுகூரும் மே மாதம், நவம்பரின் கடைசி நாட்கள், நுண்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்கும் நாள் ஆகியவை முன்கூட்டியே தெரிந்தவை. அந்த நாளில் நெற்காசு யார் கையில் இருக்கும், அவர் யாருடன் இருப்பார், எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பதுவரை பேசிவைப்பது பொதுவான அறிவுரைகளைவிடப் பயன்தரும்.

இவ்வளவும் செய்தபின்னும் சறுக்கல் வரலாம். அதை முழுத்தோல்வியாக அறிவித்து, சிகிச்சையை நிறுத்தி, வீட்டுக்கு வெளியே தள்ளுவது தவறு. ஒரு நாள் குடித்தவரை மறுநாளே சந்தித்து, அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று குற்றஞ்சாட்டாமல் கேட்டால் திட்டத்தில் எங்கே ஓட்டை இருந்தது என்பது தெரியும். இப்போது இளைஞர்களிடையே பரவும் ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) போதையை நிறுத்தியவர்களுக்கு முதல் வாரங்களில் கடும் சோர்வும் சாக வேண்டும் என்ற எண்ணமும் வரலாம் என்பதால் அவர்களைத் தனியே விடக்கூடாது. ஹெரோயின் விடயத்தில் ஆபத்து இன்னும் நேரடியானது. சிறையிலோ மையத்திலோ சில வாரங்கள் இருந்து வெளிவந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். முன்பு எடுத்த அதே அளவை மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஆகவே வெளிவரும் நாளிலேயே இதை அவருக்கும் வீட்டாருக்கும் தெளிவாகச் சொல்லி, அந்த வாரத்துக்குள்ளேயே உளநலப் பிரிவில் ஒரு சந்திப்பை உறுதிசெய்து, 1926 என்ற உளநல உதவி இலக்கத்தை வீட்டிலுள்ள எல்லோருடைய தொலைபேசியிலும் பதிந்துவைக்க வேண்டும்.