விமானத் தடமறிதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலைக் கரையோரத்தில், நிலாவெளியிலோ உப்புவெளியிலோ, மொட்டைமாடியில் சிறிய அன்டெனா ஒன்றைப் பொருத்தினால், மறைப்பில்லாத கடலின் மேல் 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் சமிக்ஞையைச் சுமார் 400 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் பெறலாம். இப்படிப் பெறுவோர் செய்யும் முதற்பிழை, திரையில் தெரிவதை ரேடார் கண்டறிந்த உண்மையென நம்புவதாகும். ஏடிஎஸ்-பி முறையில் விமானமே செய்மதிகளின் உதவியால் தன் இருப்பிடத்தைக் கணித்து, 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எவரும் கேட்கும்படி அறிவிக்கிறது. செய்மதிச் சமிக்ஞையே போலியானால் விமானம் நேர்மையாகவே தவறான இடத்தைச் சொல்லும்.

விமானம் அனுப்பும் செய்தியின் இறுதியில் உள்ள 24 பிட் சோதனை எண்ணைப் பாதுகாப்பு என்று கருதுவது இன்னொரு பிழை. வழியில் சிதைந்த பிட்டுகளை அது காட்டிக்கொடுக்குமேயன்றி, அனுப்பியவர் யாரென உறுதிப்படுத்தாது. பொய்ச் செய்தியைப் புனைபவரும் அதே கணக்கைச் சரியாகப் போட்டுவிடலாம். பிளாக் ஹாட் என்னும் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் 2012இலேயே ஆய்வாளர்கள் இப்பலவீனத்தை விளக்கினர். எல்லாவற்றையும் மறைகுறியாக்கினால் தீர்ந்துவிடும் என்போர், எந்த நாட்டு விமானத்தின் அறிவிப்பும் எந்த நாட்டு நிலையத்துக்கும் அருகில் பறக்கும் பிற விமானங்களுக்கும் புரிய வேண்டும் என்பதையும், அதற்கான திறவுகோல்களை உலகம் முழுவதும் பகிர்ந்து காப்பது எவ்வளவு கடினம் என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்காக, எவரும் கணினி முன் அமர்ந்து விமானத்தை வீழ்த்திவிடலாம் என்று அஞ்சுவதும் மிகையே. முதனிலை ரேடார் விமானத்தின் அறிவிப்பையன்றி, தான் அனுப்பும் அலையின் எதிரொலியை நம்புகிறது; பல நிலையங்கள் ஒரே சமிக்ஞை வந்துசேரும் நேர வேறுபாட்டை ஒப்பிட்டு, அறிவிக்கப்பட்ட இடம் மெய்யா எனச் சோதிக்கலாம். குரல்வழி விஎச்எஃப் தொடர்பிலும் மறைகுறியாக்கம் இல்லை. ஆயினும் விமானி கட்டளையைத் திருப்பிச் சொல்லும் வழக்கத்தால், பொய்யான கட்டளையொன்று ஏற்கப்பட்டால் உண்மையான கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டு உடனே மறுக்க வாய்ப்புண்டு.

விமானம் திரையிலிருந்து மறைந்தவுடன் விபத்தென்று வாட்ஸ்அப்பில் பரப்புவது நம்மூரில் விசேடமாகத் தவிர்க்க வேண்டியது. தாழ இறங்கும் விமானம் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். சீனக்குடாவில் விமானப்படைத் தளம் இருப்பதையும் மறக்கலாகாது, ஏனெனில் இராணுவ விமானங்கள் எப்போதும் இவ்வறிவிப்பை அனுப்ப வேண்டியதில்லை.

ரிசீவரை இணையத்துடன் இணைக்கும் கணினியில் ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதும், வீட்டின் துல்லியமான அமைவிடத்தைப் பொதுவெளியில் காட்டுவதும் கவனக்குறைவு. இந்த அலைவரிசைகளில் பரீட்சார்த்தமாகவேனும் எதையும் ஒலிபரப்பக் கூடாது; கருவிகளுக்கான அனுமதி பற்றித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும்.