மருவுக்கு டேப் ஒட்டிய கதை: தோல் நோய் ஆய்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருவின் மேல் டக்ட் டேப் எனும் கெட்டியான ஒட்டுநாடாவை ஒட்டி வைத்தால் மரு போய்விடும் என்ற பேச்சு இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரோ கிளப்பிவிட்ட புரளி இல்லை அது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வு அதற்குப் பின்னால் இருக்கிறது. கணக்கில் வந்தவர்கள் 51 பேர், எல்லோரும் குழந்தைகள் அல்லது இளவயதினர். பாதிப் பேருக்கு டேப், மீதிப் பேருக்குத் திரவ நைட்ரஜனால் மருவை உறையவைக்கும் வழக்கமான சிகிச்சை. டேப் ஒட்டியவர்களில் 85 சதவீதத்தினருக்கு மரு மறைந்தது, உறையவைத்தவர்களில் 60 சதவீதத்தினருக்குத்தான். வலியில்லை, பெரிய செலவுமில்லை. செய்தி பரவாமல் இருக்குமா?

நான்கு ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தில் 103 பள்ளிக் குழந்தைகளிடம் இதையே சோதித்தார்கள். இம்முறை டேப்போடு ஒப்பிட்டது, மருவைத் தொடாமல் சுற்றி மட்டும் ஒட்டிய ஒரு வளையப் பட்டையை. ஆறு வாரத்தில் டேப் குழுவில் 16 சதவீதத்தினருக்கும், வளையப் பட்டைக் குழுவில் 6 சதவீதத்தினருக்கும் மரு மறைந்தது. அந்த எண்ணிக்கைக்கு இந்த இடைவெளி தற்செயலாகவே வந்திருக்கலாம். 2007-இல் 90 பெரியவர்களிடம் பார்த்தபோது டேப் குழுவில் 21 சதவீதம், டேப் இல்லாத குழுவில் 22, வித்தியாசம் ஒன்றுமே இல்லை. (அந்த ஆய்வில் ஒட்டியது ஒளி ஊடுருவும் டேப், அதில் ரப்பர் பசை கிடையாது, அதனால்தான் பலிக்கவில்லை என்று டேப் கட்சிக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.)

முதல் ஆய்வைத் திரும்பிப் பார்த்தால் ஓட்டைகள் தெரியும். ஆள் குறைவு. சிலரிடம் மரு போய்விட்டதா என்று தொலைபேசியில்தான் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் விட, ஒன்றுமே செய்யாமல் விட்ட குழு என்று ஒன்று இல்லை. மரு வைரஸால் வருவது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதைத் துரத்திவிடும். அப்படித் தானாகப் போனவற்றையும் சேர்த்து டேப்பின் கணக்கில் எழுதியாயிற்று.

தோல் நோய் ஆய்வுகளைப் படிப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தோல் கண்முன் இருக்கும் உறுப்பு. மருந்து போட்டதும் மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். பார்த்ததை நம்புகிறோம். ஆனால் தோல் வறண்டு அரிக்கும் எக்ஸிமாவும், தடித்துச் செதில் உதிரும் சொரியாசிஸும் ஏறி இறங்கும் நோய்கள், புழுவெட்டில் முடி தானாகவே முளைத்துவிடுவதும் உண்டு. மனிதர்கள் மருத்துவரைத் தேடிப் போவதும், ஆய்வில் பெயர் கொடுப்பதும் நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்கு அடுத்து வருவது பெரும்பாலும் இறக்கமே. அந்த நேரத்தில் வெறும் தண்ணீரைத் தடவினாலும் அதற்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆகவே 'சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்' என்று ஒரே குழுவின் எண்களை மட்டும் காட்டும் ஆய்வை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

இதற்காக, தானாகச் சரியாகும் நோயில் ஆய்வே செய்ய முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். சில கைக்குழந்தைகளுக்குத் தோலில் செக்கச்செவேல் என்று ரத்தநாளக் கட்டி வளரும். அதுவும் சில ஆண்டுகளில் தானாகச் சுருங்கும் வகைதான். பிரான்சில் போர்தோ நகர மருத்துவர்கள், இதயக் கோளாறுக்காக ஒரு குழந்தைக்குப் புரோப்ரனலால் என்ற மருந்தைக் கொடுத்தபோது, மறுநாளே கட்டியின் சிவப்பு ஊதாவாக மாறி, தொட்டால் மெத்தென்று ஆகியிருந்ததைக் கண்டார்கள். 2008-இல் 11 குழந்தைகளின் அனுபவத்தை எழுதினார்கள். அதோடு விட்டிருந்தால் அதுவும் ஒரு டேப் கதையாகப் போயிருக்கும். 2015-இல் 460 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு வந்தது. அதிக அளவில் ஆறு மாதம் மருந்து பெற்ற குழுவில் 60 சதவீதத்தினருக்குக் கட்டி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்தது, போலி மருந்து பெற்றவர்களில் 4 சதவீதத்தினருக்கு. காலப்போக்கில் தானாகச் சரியானது எவ்வளவு, மருந்து செய்தது எவ்வளவு என்று அந்த 4 பிரித்துக் காட்டிவிடுகிறது.

களிம்பு ஆய்வுகளில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும். மாத்திரைக்குப் போலி மாத்திரை செய்தால் அதில் வேலை செய்யும் சரக்கு ஒன்றும் இருக்காது. களிம்பு அப்படியல்ல. மருந்தை எடுத்துவிட்டாலும் மிச்சமிருப்பது ஈரம் காக்கும் பூச்சு, வறண்டு வெடித்த எக்ஸிமாத் தோலுக்கு அதுவே பாதி வைத்தியம். ஆகவே மருந்துக் களிம்பை அதே அடிப்படைக் களிம்போடுதான் ஒப்பிட வேண்டும். 'ஒன்றும் பூசாதவர்களோடு' ஒப்பிட்டு வென்றதாகச் சொன்னால், வென்றது மருந்தா களிம்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது எண்களைத் தப்பாகப் படிப்பது. சொரியாசிஸ் ஆய்வுகளில் 'பாசி 75' என்று அடிக்கடி வரும். (குளத்துப் பாசி அல்ல, நோயின் பரப்பையும் தீவிரத்தையும் அளக்க 1978-இல் வந்த மதிப்பெண் முறையின் சுருக்கப் பெயர்.) இதை '75 சதவீதம் பேருக்குக் குணமாயிற்று' என்று எழுதிவிடுகிறார்கள். அதன் பொருள், ஒருவருடைய மதிப்பெண் தொடக்கத்தில் இருந்ததிலிருந்து 75 சதவீதமாவது குறைந்தது என்பதே. எத்தனை பேர் அந்தக் கோட்டைத் தாண்டினார்கள் என்பது வேறு எண்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று ஒருமுறை கூட்டிப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. ஒருவருடைய கால்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். சிவப்புக்கு 3, தடிப்புக்கு 2, செதிலுக்கு 2, ஒவ்வொன்றும் 4-க்கு. கூட்டினால் 7. கால் தோலில் மூன்றில் ஒரு பங்கு பாதிப்பு என்றால் பரப்புக்கு 3. ஏழை மூன்றால் பெருக்கினால் 21. கால்களின் பங்கு 0.4, ஆக 8.4. தலைக்கு 0.1, கைகளுக்கு 0.2, உடலுக்கு 0.3 என்று மற்றவற்றையும் சேர்த்தால் மொத்தம், அதிகபட்சம் 72. இதில் தலையின் பங்கைக் கவனியுங்கள். உச்சந்தலை முழுக்கச் செதில் உதிர்ந்து, கறுப்புச் சட்டை போடவே கூசுபவருக்கு மதிப்பெண் சொற்பமாகத்தான் வரும். பிறப்புறுப்பில் மட்டும் நோய் உள்ளவருக்கும் அப்படியே. அதனால்தான் வாழ்க்கைத் தரத்தைக் கேட்கும் பத்துக் கேள்விப் பட்டியலையும் நல்ல ஆய்வுகள் பக்கத்தில் வைத்துக்கொள்கின்றன. அதைக் காட்டாமல் பாசி எண்ணை மட்டும் சொல்லும் அறிக்கையைப் பாதி அறிக்கையாகவே கொள்ளலாம்.

மதிப்பெண் போடும் கண்ணையும் ஏமாற்றலாம். வெள்ளைச் செதில் மேல் கொஞ்சம் எண்ணெய் தடவினால் வெண்மை சட்டென்று மங்கிவிடும். செதில் அங்கேயேதான் இருக்கும், ஒளி சிதறுவது மட்டும் குறைந்திருக்கும். ஆய்வுக்கு வருபவர் காலையில் களிம்பு பூசிவிட்டு வந்தால் அவருடைய செதிலுக்கு ஒரு மதிப்பெண் குறையக்கூடும். விளம்பரப் படங்களில் 'பின்' படம் பளபளப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்த எண்ணெய்தான் நினைவுக்கு வரும். கருநிறத் தோலில் வேறு விதமான தவறு நேர்கிறது. வீக்கத்தின் நிறம் அங்கே சிவப்பாக இல்லாமல் ஊதாவாக, அடர்பழுப்பாக, சாம்பலாகத் தெரியும். சிவப்பைத் தேடிப் பழகிய கண், தீவிரமான நோய்க்கும் 'லேசானது' என்று குறித்துவிடும். ஆய்வில் சேர்ந்தவர்கள் எந்தெந்தத் தோல் நிறத்தினர் என்று பார்க்காமல் முடிவை எல்லோருக்கும் பொருத்துவது இதனால் ஆபத்து.

யாருக்கு எந்த மருந்து என்று மருத்துவருக்கும் தெரியாது என ஆய்வில் எழுதியிருந்தாலும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவருக்கு உதடு வெடித்துவிடும். பென்சாயில் பெராக்சைடு பூசியவரின் தலையணை உறை வெளுத்திருக்கும். இதற்கு மேல் என்ன ரகசியம்?

ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு ஒன்று. முகத்தின் இடப்பாதியில் ஒரு களிம்பு, வலப்பாதியில் இன்னொன்று என்று சோதிப்பது அருமையான முறைதான், ஒரே ஆள் தனக்குத் தானே ஒப்பீடாகிறார். ஆனால் 20 பேரின் 40 கன்னங்களை 40 தனித்தனி ஆட்களாக எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். ஒருவருடைய இரு கன்னங்களும் ஒரே உடம்பில் இருப்பவை, இணைகளாகத்தான் கணக்கிட வேண்டும். ஒருவரின் பத்து மருக்களைப் பத்து ஆட்களாக்குவதும் இதே தவறு.

ஆய்வில் பங்கேற்பவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் களிம்பின் அளவில். விரல்நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பு சுமார் அரை கிராம், இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும். பலர் இந்த அளவுக்குப் பூசுவதில்லை. பரிசோதனை நாள் நெருங்கும்போது மட்டும் அள்ளிப் பூசுவார்கள். குழாயைத் திரும்ப வாங்கி எடைபோடுவது அதைப் பிடிக்கத்தான். வீட்டில் இருந்த பழைய ஸ்டீராய்டு களிம்பை ரகசியமாகப் பூசிக்கொள்வது இதைவிட மோசம். படர்தாமரையின் மேல் அதைப் பூசினால் ஓரத்து வளையம் கலைந்து, பார்ப்பவர் வேறு நோய் என்று எழுதும் அளவுக்கு உருமாறிவிடும்.

சிறிய ஆய்வின் நற்செய்தியில் அவசரப்பட்டுவிடுகிறோம். பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கி ஈரக்களிம்பு பூசினால் குழந்தைக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு பாதியாகக் குறையும் என்று 2014-இல் 124 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு நம்பிக்கை தந்தது. 2020-இல் 1,394 குழந்தைகளின் முடிவு வந்தது. இரண்டு வயதில் எக்ஸிமா இருந்தது, பூசியவர்களில் 23 சதவீதம், பூசாதவர்களில் 25. தோல் தொற்று பூசியவர்களிடம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. எக்ஸிமா வந்த பிறகு ஈரக்களிம்பு உதவுவது வேறு விஷயம், அதை இந்த ஆய்வு மறுக்கவில்லை.

கால அளவையும் பார்த்துவிடுங்கள். பன்னிரண்டு, பதினாறு வாரங்களில் முடியும் சொரியாசிஸ் ஆய்வு, ஆயுள் முழுக்க இருக்கும் நோயைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும். நகப் பூஞ்சையில் இது தலைகீழ். கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், முழு நகமும் புதிதாக வர ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். ஆய்வகத்தில் பூஞ்சை ஒழிந்துவிட்டது என்று அறிக்கை வந்த நாளிலும் நகத்தின் நுனி மஞ்சளாகத்தான் இருக்கும். மருந்து தோற்றதென்று அப்போது முடிவு கட்டாமல், அடியில் தெளிவாக முளைத்து வரும் அந்த இரண்டு மில்லிமீட்டரைப் பாருங்கள்.