இஃபுகாவோ மலைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸில் வடக்கு லூசோன் மலைப்பக்கம், குறிப்பாக இஃபுகாவோ மாகாணத்தில் மலைச்சரிவில் படிப்படியாக அமைத்த நெல்வயல்களைப் பார்க்க, போகிறவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுத் தருவது என் வேலை. நானும் கடந்து வந்த அதே தவறுகள் புதிதாகப் போகிறவர்களிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. மழைக்கோட்டு, மருந்து, கையில் ரொக்கம் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

பனாவே காட்சிமுனையோடு திரும்புவது

மணிலாவில் இரவுப் பேருந்து ஏறி, ஒன்பது மணி நேரம் போல உட்கார்ந்து பனாவே வந்து சேர்கிறார்கள், ஊருக்கு மேலே இருக்கும் காட்சிமுனையில் நின்று படம் எடுக்கிறார்கள், யுனெஸ்கோ வயலைப் பார்த்தாச்சு என்று அன்று இரவே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். யுனெஸ்கோ 1995-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது ஐந்து படிவயல் தொகுதிகளை: படாட், பங்கான், மயோயாவ், ஹுங்துவான், நாககாடான். காட்சிமுனையிலிருந்து தெரியும் பனாவே வயல்கள் அதில் இல்லை. படாடும் பங்கானும் பனாவே நகராட்சிக்குள்ளேயே வருகின்றன, போதாக்குறைக்கு 20 பெசோ நோட்டின் பின்பக்கத்தில் பனாவே படம், அதனால் குழப்பம் வருவது புரிகிறது. பனாவே வயல்களும் லேசுப்பட்டவை அல்ல, 1973-லேயே நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டவை. ஆனால் அவ்வளவு தூரம் வந்துவிட்டு அதோடு திரும்புவதா?

ஒரு தம்பதி “படாட் எங்கே இருக்கிறது?” என்று என்னிடம் கேட்டதே, திரும்பும் பேருந்துக்கு டிக்கெட் எடுத்த பிறகுதான். பனாவேயிலிருந்து கொஞ்ச தூரம் ஜீப்னி என்ற ஊர் வண்டி, அப்புறம் நடை, அவ்வளவுதான்.

நடந்து போனால்தான் அந்த வயல் எப்படி உயிரோடு இருக்கிறது என்பது புரியும். மேலே முயோங் என்று குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் காடு, அதிலிருந்து இறங்கும் தண்ணீர் வாய்க்கால் வழியே படிப்படியாக வயலுக்கு வயல் வழிகிறது. டினாவோன் என்ற அவர்களுடைய பாரம்பரிய நெல் ஆண்டுக்கு ஒரு போகம்தான். அதை நம்பிப் பிழைக்க முடியாமல் இளைஞர்கள் வெளியூர் போக, வயல்கள் கேட்பாரற்றுக் கிடக்க, 2001-இல் யுனெஸ்கோ இதை ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் வைத்தது. அதிலிருந்து மீள 2012 ஆனது. ஓர் இரவு படாடில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, உள்ளூர் வழிகாட்டியோடு நடந்தால் உங்கள் பணம் அந்த வயல்களைத் தாங்கும் சுவர்களைக் கட்டிக் காக்கிறவர்கள் வீட்டுக்குப் போகும். காட்சிமுனையோடு திரும்பினால் அவர்களுக்கு ஒரு பெசோவும் போகாது.

வரப்பில் இஷ்டத்துக்கு நடப்பது

வழிகாட்டி கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வையுங்கள். சரிந்த சுவரைத் திரும்பக் கட்டுவது ஒரு குடும்பத்தின் தலையில் விழுகிற வேலை.

பழைய புத்தகத்தை வைத்து மாகாணம் தேடுவது

1966-இல்தான் பழைய மவுண்டன் மாகாணத்தை பெங்கெட், இஃபுகாவோ, கலிங்கா-அபயாவோ, இன்றைய மவுண்டன் மாகாணம் என்று பிரித்தார்கள். கலிங்காவும் அபயாவோவும் 1995-இல் தனித்தனியாயின. 1966-க்கு முந்தைய புத்தகங்களில் பனாவே மவுண்டன் மாகாணத்தில் இருக்கும். இன்று பனாவே இஃபுகாவோவில், சகாடா மவுண்டன் மாகாணத்தில். பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தானே என்று ஒரே மக்கள், ஒரே சடங்கு என எழுதிவிடாதீர்கள்.

மணிலாவில் பேசும் தகாலோக் மொழி போதும் என்று நினைப்பது

போதாது. இந்த மலைகளில் வெவ்வேறு இனத்தாருக்கு இடையே பொதுவாகப் புழங்குவது இலோகானோ மொழி.

சகாடாவில் பாறைச்சரிவில் தொங்கும் சவப்பெட்டிகளின் அருகே போவது

போகாதீர்கள். அவை அந்த ஊர்க்காரர்களின் முன்னோர்.

‘2000 ஆண்டு பழமை’ என்று அப்படியே எழுதுவது

இந்தப் படிவயல்களுக்கு 2000 ஆண்டு வயது என்று எல்லோரும் எழுதுவதால் அது உண்மையாகிவிடாது. தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோ இஃபுகாவோவில் பழைய கியங்கான் என்ற பழங்குடியிருப்பில் நடத்திய அகழாய்வு, ஈரநெல் வயல்கள் பரவியது ஸ்பானியர் வந்த பிறகுதான், சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பு என்று காட்டுகிறது. அதற்கு முன் அங்கே சேம்பு விளைந்திருக்கிறது. சமவெளியைப் பிடித்த ஸ்பானியருக்கு அடங்காமல் மலையில் நிலைத்தவர்கள் இவ்வளவு வேகமாக இதைக் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு 2000 ஆண்டுக் கதையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. உள்ளூரில் பலர் பழைய கணக்கையே சொல்வார்கள், அவர்களோடு வாதாட வேண்டாம், எழுதும்போது இரண்டையும் எழுதுங்கள்.