கையில் காசு குறைவு, மனசில் பெரிய நாய்: குட்டி தத்தெடுப்பது எப்படி?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நாய்க்குட்டி விஷயத்தில் நான் எதிர்க்கட்சி. சும்மா கொடுத்தாலும் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள். ஏன் என்று நான்காம் படியில் சொல்கிறேன், சூடு பட்டுத் தெரிந்துகொண்டது.

பெரிய இனம் என்றால், வளர்ந்த பிறகு 25 கிலோவைத் தாண்டும் நாய்கள் என்று வைத்துக்கொள்ளலாம். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் எல்லாம் இதில் அடங்கும். கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்றவை 50 கிலோவைத் தாண்டிப் போகிற ராட்சசர்கள். பணம் இறுக்கமாக இருக்கும்போது அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பேன்.

படி 1: குட்டியைத் தேடுமுன் கணக்கைப் போடுங்கள்

தத்தெடுப்புக் கட்டணம் ஒரு தடவைச் செலவு. அதைப் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதில் பெரிய லாபம் இல்லை. பெரிய நாயில் செலவை முடிவு செய்வது எடைதான். தீனி மட்டுமல்ல, உண்ணி மருந்தும் ஆபரேஷனுக்கான மயக்க மருந்தும்கூட எடைக்கு ஏற்பத்தான். சில குடற்புழு மாத்திரைகள் 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். 35 கிலோ நாய்க்கு ஒவ்வொரு தடவையும் மூன்றரை மாத்திரை.

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: முதல் மாதம், மாதா மாதம், அவசரம். பிறகு பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று கால்நடை கிளினிக்குகளுக்குப் போன் செய்யுங்கள். "நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் எவ்வளவு?" என்று பொதுவாகக் கேட்டால் சின்ன நாய்க்கான தொகையைச் சொல்லிவிடுவார்கள். "30 கிலோ நாய்க்கு எவ்வளவு?" என்று கேளுங்கள்.

அவசரக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஒரு நோய் வரும். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிர் போய்விடும். காப்பீடு எடுங்கள், அல்லது மாதம் ஒரு தொகையைத் தொடாமல் ஒதுக்குங்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால் இன்னும் ஆறு மாதம் பொறுப்பதே நல்லது. எழுதுவது எளிது, பொறுப்பது கஷ்டம்தான்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இப்போதே வீட்டுக்காரரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். நாய் வைக்கலாம் என்று சொல்லும் குடியிருப்புகளிலும் எடைக்கோ இனத்துக்கோ தடை இருப்பது உண்டு.

படி 2: எங்கே தேடுவது

முதலில் காப்பகங்கள். காப்பகத்துக் குட்டி பெரும்பாலும் தடுப்பூசி, குடற்புழு மருந்து, சில இடங்களில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சில்லு), கருத்தடை எல்லாம் முடிந்தே கைக்கு வரும். அவற்றைத் தனித்தனியாகக் கிளினிக் விலையில் கூட்டிப் பாருங்கள். கட்டணம் வாங்கும் காப்பகம் "இலவசக் குட்டி"யைவிட மலிவாகத் தெரியும்.

அடுத்து, ஒரே இனத்தை மட்டும் மீட்கும் குழுக்கள். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும், படிவத்தில் குடும்பக் கதையே கேட்பார்கள். உண்மையை எழுதுங்கள். "பகலில் ஆறு மணி நேரம் வீட்டில் யாரும் இல்லை" என்று எழுதினால் அதற்குத் தோதான நாயைக் காட்டுவார்கள். மறைத்தால் தோது இல்லாதது வந்து சேரும். பொறுப்பான ப்ரீடர்களையும், அதாவது குட்டி போடவைத்து விற்பவர்களையும், கேட்கலாம். தாங்கள் விற்ற நாயை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம் போடுபவர்கள் உண்டு. அப்படித் திரும்பி வந்த இளம் நாய் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பட்ஜெட் ஆட்களுக்கு என் முதல் சிபாரிசு தற்காலிக வளர்ப்பு. நாயை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வீர்கள். தீனியும் மருந்தும் பல காப்பகங்களில் அவர்கள் செலவு. ஒத்துவந்தால் நீங்களே தத்தெடுக்கலாம். ஒத்துவராவிட்டாலும் அதற்கு நல்ல வீடு கிடைக்கும் வரை இடம் கொடுத்ததாக ஆகும்.

இன்னொன்று, பலர் காதில் வாங்காதது: வயதைத் தளர்த்துங்கள். எட்டு வாரக் குட்டிக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். எட்டு மாதத்து லேப்ரடார் கலப்பின நாயைக் கேட்க ஆள் இருக்காது. "திடீரென்று இவ்வளவு பெருசாகிவிட்டது" என்று விட்டுப் போகிற வயது அதுதான். அதுவும் மனதளவில் குட்டிதான். செருப்பைக் கடிக்கும், கால் தடுக்கி விழும். ஆனால் தடுப்பூசி வரிசை முடிந்திருக்கும், எவ்வளவு பெருசாகும் என்பது கண்ணுக்கே தெரியும், முதல் வருடச் செலவில் பாதி ஏற்கெனவே கடந்து போயிருக்கும்.

படி 3: ஏமாறாமல் இருப்பது

குட்டி இலவசம், அனுப்பும் செலவு மட்டும் போதும் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். முதலில் வண்டிக்கூலி, பிறகு கூண்டு, அப்புறம் காப்பீடு என்று பணம் போய்க்கொண்டே இருக்கும், குட்டி வராது. படத்தைத் தேடுபொறியில் போட்டு வேறு எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோ காலில் வரச் சொல்லி, "இடது காதை மடக்கிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சொந்தக் குட்டியை வைத்திருப்பவருக்கு அது ஐந்து வினாடி வேலை. நேரில் பார்க்காமல் முன்பணம் வேண்டாம்.

படி 4: நேரில் போய்ப் பார்ப்பது

என் கதை இங்கேதான். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர் "இரண்டு மாதக் குட்டி" என்று ஒன்றைக் கொடுத்தார். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் கிளினிக்கில் டாக்டர் கட்டைவிரலால் அதன் உதட்டை ஓரமாக ஒதுக்கிக் காட்டினார். முன்னால் ஊசி முனை மாதிரி சில பற்கள்; பின்னால் வெறும் ஈறு, ஒன்றிரண்டு இப்போதுதான் வெள்ளையாக எட்டிப் பார்த்தன. ஐந்து வாரம்கூட இருக்காது என்றார். தாயிடம் இருக்க வேண்டிய குட்டி. ராத்திரி முழுக்கக் கத்தல், வயிறு நிறையப் புழு, பேதி. அந்த ஒரு மாத மருத்துவச் செலவில் காப்பகத்தில் இரண்டு குட்டி எடுத்திருக்கலாம்.

நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. மூன்றாம் வாரத்தையொட்டி முளைக்கத் தொடங்கி, எட்டு வாரத்துக்குள் ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். முன்பற்கள் விழுந்து அகலமான புதுப் பற்கள் வந்திருந்தால் வயது மூன்று மாதத்துக்கு மேல். 42 நிரந்தரப் பற்களும் ஏழு மாத வாக்கில் நிறைந்துவிடும். எட்டு வாரத்துக்கு முன் தாயைவிட்டுப் பிரித்த குட்டியை எடுக்காதீர்கள். எவ்வளவு மெதுவாகக் கடிக்க வேண்டும் என்பதையே அது கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்கிறது.

மற்றதைக் கடகடவென்று பார்த்துவிடலாம். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கண்ணிலும் மூக்கிலும் சளி வடியக் கூடாது. உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் பானை என்றால் புழு. காதுக்குள் முகர்ந்து பாருங்கள், நாற்றம் அடிக்கக் கூடாது. தரையில் விட்டு நடக்கவும் ஓடவும் வைத்து, பின்னங்கால்களைக் கவனியுங்கள். தாய் இருந்தால் கட்டாயம் பாருங்கள், குணமும் உருவமும் பாதி அங்கே தெரிந்துவிடும்.

படி 5: எவ்வளவு பெருசாகும்?

பாதத்தைப் பார்த்துச் சொல்வது ஜோசியம். பெரிய இனக் குட்டி ஏறக்குறைய ஐந்து மாதத்தில் தன் முழு எடையில் பாதியை எட்டும். ஆகவே அந்த வயதில் 15 கிலோ என்றால் 30 கிலோவை ஒட்டி வரும் என்று எதிர்பார்க்கலாம். கலப்பினத்தில் இது முன்பின் ஆகும், கணக்குத் தாளில் கூடுதல் எடையையே போட்டுவையுங்கள். வளர்ச்சி நிற்க ஒன்றரை வருடம்வரை ஆகலாம்.

படி 6: காகிதம்

தடுப்பூசி அட்டையில் தேதி, மருந்தின் ஸ்டிக்கர், மருத்துவர் கையெழுத்து மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும். இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம்வரை போகும். எத்தனை முடிந்தது, எத்தனை உங்கள் தலையில் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மைக்ரோசிப் போட்டதாகச் சொன்னால் ஸ்கேன் செய்து, வரும் எண்ணை அட்டையோடு ஒப்பிடுங்கள். உலகத் தர சிப்பில் 15 இலக்கம் இருக்கும்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு எதில் மிச்சம் பிடிக்கலாம்?

படுக்கை வாங்காதீர்கள், பழைய போர்வை போதும். எப்படியும் கிழித்துவிடும். கழுத்துப்பட்டையையும் மலிவாக எடுங்கள், இரண்டு மாதத்தில் சிறுத்துவிடும். பொம்மைக்கு முடிச்சுப் போட்ட பழைய துணியே போதும். நூலைப் பிய்த்து விழுங்கத் தொடங்கினால் துணியை அதனிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

தடுப்பூசியில் மிச்சம் வேண்டாம். பார்வோ என்ற கொடிய குடல் நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அந்த நோய்க்குச் சிகிச்சை ஊசியின் விலையைப் பலமடங்கு தாண்டும். தடுப்பூசி வரிசை முடியும் வரை மற்ற நாய்கள் வந்துபோகும் இடத்தில் குட்டியைத் தரையில் விடாதீர்கள். தூக்கிக்கொண்டு போய் வண்டிச் சத்தம், மனிதர் கூட்டம் எல்லாம் காட்டுங்கள். 14 வாரத்துக்குள் பார்த்துப் பழகியவற்றுக்குப் பிறகு அவ்வளவாகப் பயப்படாது.

தீனியில் "பெரிய இனக் குட்டிகளுக்கு" என்று போட்டதையே வாங்குங்கள். எலும்பு பலமாகட்டும் என்று தனியாகக் கால்சியம் கொடுப்பது நம் ஆட்கள் ஆசையோடு செய்யும் தப்பு. சின்னக் குட்டியின் உடம்புக்கு அதிகப்படிக் கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. எலும்பும் மூட்டும் கோணலாகும். கொழுகொழுவென்று வளர்ப்பதும் அப்படித்தான், இடுப்பு மூட்டுக்குக் கேடு. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது.

வாரம் ஒரு முறை எடை பாருங்கள். முதலில் நீங்கள் மட்டும் தராசில் ஏறுங்கள், பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், வித்தியாசத்தைத் தேதியோடு எழுதுங்கள். புழு மாத்திரையின் அளவுக்கு அந்த நோட்டுதான் உதவும். ஐந்தாறு மாதத்தில் தூக்க முடியாமல் போகும், அதன் பிறகு கிளினிக் தராசுதான். பல இடங்களில் அதற்குக் காசு வாங்க மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.