பழைய ஆம்னியில் மிஸ்ஸிங்கா? எந்த சிலிண்டர் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறும்போதெல்லாம் என் செகண்ட் ஹேண்ட் மாருதி ஆம்னி வேன் குலுங்கித் திணறும். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதுதான் இந்த மிஸ்ஸிங். பின்னால் நாலு மூட்டை இலவம்பாடி முள் கத்தரிக்காய் இருந்தால் இரண்டாவது கியருக்கு இறங்கியே ஆக வேண்டும். பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி கொடுக்கும் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் பழையபடி. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரையும் சர்வீஸ் செய்தாயிற்று. கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரே ஒரு பிளக் வயரில்! அதனால் சொல்கிறேன், எந்த சிலிண்டர் என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

முன்சீட்டைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். 796 சிசி, மூன்று சிலிண்டர். கழற்றும் முன் வயர்களில் டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள். இடம் மாறினால் வண்டி சரியாக ஓடாது, ஸ்டார்ட்டே ஆகாமலும் போகலாம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு வயரை மட்டும் பிளக்கிலிருந்து கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகுங்கள். அந்தப் பிளக்கின் உலோகப் பகுதியை ஜம்பர் வயரால் (இரு முனையிலும் கிளிப் உள்ள வயர்) எஞ்சின் உடம்போடு இறுக்கிப் பிணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வயரை அந்தரத்தில் தொங்கவிட்டால் பொறிக்கான வோல்டேஜைத் தரும் காயில் கெடலாம், கையில் பிடித்தால் பலமான ஷாக் அடிக்கும். சத்தம் மாறி எஞ்சின் இன்னும் திணறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையா? அதுதான் செத்த சிலிண்டர். எனக்கு இரண்டாவது.

அதன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது. பெட்ரோலில் நனைந்திருந்தால் நெருப்பு விழவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்து எண்ணெய் உள்ளே கசிகிறது, அது மெக்கானிக்கிடம் போக வேண்டிய வேலை. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. என் வண்டிக்கு பிளக் நுனியில் பொறி தாவும் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. அதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், அதை அளக்கும் ஃபீலர் கேஜ் விலை குறைவுதான், வாங்கிவிடுங்கள். பிறகு அந்தப் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக்தான் கோளாறு.

எனக்குப் போகவில்லை. வயரை மல்டிமீட்டரில் பார்த்தேன், மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. வயர் நல்லது என்று முடிவுகட்டியது அங்கேதான், பல நாள் வீணாகிவிட்டது. மீட்டர் பார்ப்பது உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்பதை மட்டும். மேலே இருக்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தால் அதற்குத் தெரியாது. சீட்டுக்கு அடியில் காற்றோட்டமில்லாத சூட்டில், அதிலும் வேலூர் வெயிலில், ரப்பர் விறைத்து மயிரிழை போல வெடித்துவிடும்.

அதைக் காட்டிக்கொடுப்பது இருட்டு. பெட்ரோல் கசிவோ வாடையோ இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள். வண்டி வெளியில் நிற்கட்டும், நியூட்ரல், ஹேண்ட் பிரேக். எல்லா விளக்கையும், போன் திரையையும் அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் கண் பழகட்டும். எஞ்சின் ஓடும்போது வயர்மேல் ஸ்ப்ரே பாட்டிலால் பனி போல லேசாகத் தண்ணீர் அடியுங்கள். கை எதிலும் படக்கூடாது. எனக்கு முன்னால் அப்பாதான் பார்த்தார். "டேய், அங்க பாருடா, நீலமா வெட்டுது!" இரண்டாம் வயரின் வளைவிலிருந்து எஞ்சின் உடம்புக்கு ஊசி மாதிரி ஒரு பொறி, டிக் டிக்கென்று.

வயரை ஒற்றையாக வாங்காமல் செட்டாகவே மாற்றுங்கள். மூன்று வயருக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் (கேப்) கழற்றி, உள்ளே பொறி ஓடிய கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுரண்டிப் பயனில்லை, புதுசு போடுங்கள்.

பிறகு சேர்த்தது: மாருதி ஈகோ போன்ற, எஞ்சினைக் கம்ப்யூட்டர் இயக்கும் வண்டிகளில் வயர், காயில் எதையும் கழற்றிச் சோதிக்காதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்த பிழை எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் போடுங்கள். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர், பி0300 என்றால் மிஸ்ஸிங் ஒரு சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது.

பெட்ரோலில் நன்றாக ஓடி, கேஸில் (எல்பிஜி, சிஎன்ஜி) மட்டும் மிஸ்ஸாகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கேஸைப் பற்றவைக்கக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பலவீனமான வயர் அங்கேதான் முதலில் கசியும். கேஸ் கிட்டைத் திருகுவதற்கு முன் இந்த இருட்டுச் சோதனையைப் பெட்ரோலில் ஓடவிட்டுச் செய்யுங்கள்.