குழாய் ஏன் கத்துகிறது? நீங்களே கண்டுபிடிக்கலாம்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் மோட்டார் நிற்கும்போதெல்லாம் சமையலறைச் சுவருக்குள் 'டம்' என்று ஒரு அடி. சத்தம் அங்கேதானே கேட்கிறது என்று அங்கிருந்த மூன்று குழாய்களுக்கும் வாசர் மாற்றினேன். ஒன்றும் குறையவில்லை. கோளாறு கொல்லையில், மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்தது. குழாய் சத்தத்தை வீடு முழுக்கக் கடத்திவிடும். அதனால் எங்கே கேட்கிறது என்பதைவிட எப்போது கேட்கிறது என்று பாருங்கள்.

முதலில் இரண்டு நாள் சும்மா கவனியுங்கள். மோட்டார் ஓடும்போதா, நிற்கும் நொடியிலா, குழாயைத் திறக்கும்போதா, யாரும் தொடாதபோதா? பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கேளுங்கள். சத்தம் பிறக்குமிடம் நெருங்க நெருங்கக் கணீரென்று கேட்கும்.

திறந்ததும் கீச்சிட்டால் பெரும்பாலும் வாசர்தான். மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடி, மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, குழாயின் தலைப்பகுதியை ஸ்பானரால் கழற்றுங்கள். தண்டின் அடியில் கறுப்பு ரப்பர் வில்லை இருக்கும். அதில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தாலோ, தொட்டால் ஆடினாலோ மாற்றிவிடுங்கள். நம் பக்கம் போர் தண்ணீரோடு பொடிமணல் வருவதுண்டு. ரப்பரில் குத்திக்கொண்டு நறநறக்கும். பழைய வாசரையே கடைக்கு எடுத்துப்போங்கள், அளவை வாயால் சொல்லி வாங்கினால் இன்னொரு நடை நிச்சயம். கால் சுற்றில் திறக்கும் குழாயில் இந்த வாசர் கிடையாது. உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். கேட் வால்வு பாதி மூடியிருந்தாலும் விசில் வரும், அதை முழுக்கத் திறந்து பாருங்கள்.

குபுகுபுவென்று விட்டுவிட்டுத் தண்ணீர் வந்தால் உள்ளே காற்று. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், காற்று வெளியேறுவதற்காகத் தொட்டியைவிட உயரமாக ஒரு திறந்த குழாய் நிற்கும். அதில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் கட்டியிருந்தது.

சரி, அந்த 'டம்'முக்கு வருவோம். மோட்டார் நின்றதும் மேலேறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி விழும். அதைத் திரும்பவிடாமல் தடுக்கும் வால்வுதான் என்.ஆர்.வி. அதன் தட்டு மூடத் தாமதித்தால் அந்த வேகத்தில் அறையும். ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. போட்டால் தண்ணீர் திரும்புமுன்பே மூடிக்கொள்ளும். குழாயை அறுத்து ஒட்டும் வேலை என்பதால் இதை மட்டும் பிளம்பரிடம் விட்டேன். ஆடுகிற குழாய்க்குச் சுமார் 3 அடிக்கு ஒரு கிளாம்ப் அடிப்பதை நானே செய்தேன்.

ஆனால் கிளாம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். வெயிலில் 20 டிகிரி சூடு ஏறினால் 10 மீட்டர் பி.வி.சி. குழாய் 1 செ.மீ.க்கு மேல் நீளும். நகர இடமில்லாவிட்டால் மத்தியானம் யாரும் தொடாமலே 'டக் டக்' என்னும்.

மே மாதத்தில் மட்டும் மேல்மோட்டார் கரகரத்தால் நிலத்தடி நீர் இறங்கியிருக்கலாம். இப்படித் தரையில் வைத்த மோட்டார் ஏறக்குறைய 25 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை இழுக்கத் திணறும். உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சத்தம் மாறினால் அந்த இணைப்பு காற்றை இழுக்கிறது. மாறவில்லையா? அதற்காக மோட்டாரை மாற்றக் கிளம்பாதீர்கள். தண்ணீர் விட்டுவிட்டு விழும்போது உடனே நிறுத்துங்கள், காய்ந்து ஓடினால் சீல் போய்விடும். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் எங்கள் மோட்டார் தானாக அடங்கிவிடும்.